80,000 லிமிட் கார்டுல மாசம் 3 லட்சம் ஓட்டினா என்ன ஆகும்? கல்யாண சமையலுக்கு யூஸ் பண்ண கார்டோட ரிவ்யூ

என் சித்தப்பா கும்பகோணத்துல கல்யாண சமையல் கான்ட்ராக்ட் எடுத்து பண்றவர், நான் அவருக்கு கணக்கு பாத்துக்கறேன். பார்ட்டி அட்வான்ஸ், மளிகை பாக்கி, ஆள் கூலி, வருமான வரி, அதோட அவர் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட், எல்லாம் என் கைக்குதான் வரும். அந்த கார்டை பத்திதான் எழுதறேன். தனியார் பேங்க் ஒண்ணோட கார்டு, பேர் போடல, ஏன்னா நான் சொல்ல வர்றது எந்த பேங்க் கார்டா இருந்தாலும் ஏறக்குறைய பொருந்தும், ஒரு பேங்கை மட்டும் திட்டி ஆகப்போறது ஒண்ணுமில்ல.

முதல்ல கார்டு எப்படின்னு சொல்லிடறேன். லிமிட் 80,000. வருஷ கட்டணம் 499 பிளஸ் ஜிஎஸ்டி, வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல செலவு பண்ணிட்டா அது கிடையாது. 150 ரூபாய்க்கு 2 பாயிண்ட், ஒரு பாயிண்ட் 25 பைசா. ரூபே கார்டுங்கறதால யுபிஐல சேத்து கடை க்யூஆர் ஸ்கேன் பண்ணியே கட்டலாம், தாராசுரம் மார்க்கெட்ல காய் வாங்கறப்ப இது ரொம்ப சௌகரியம், ஆனா கடைக்காரர் தன் சொந்த நம்பர் க்யூஆர் வச்சிருந்தா கார்டு ஓடாது, வியாபாரி க்யூஆரா இருக்கணும். ஆப் நல்லா இருக்கு, ஸ்டேட்மென்ட் தெளிவா வருது, கஸ்டமர் கேர்ல தமிழ்ல பேசறாங்க. கேஸ், டீசல், ரயில் டிக்கெட், வீட்டு கரண்ட் பில்லுன்னு சாதாரணமா யூஸ் பண்றவங்களுக்கு இந்த கார்டுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல.

பிரச்சினை லிமிட்டை ரொட்டேஷன் விட்டப்பதான் வந்துச்சு. அதாவது 75,000 தேய்க்கிறது, மூணு நாலு நாள்ல அதை கட்டிடறது, லிமிட் திரும்ப வந்த உடனே மறுபடி 70,000 தேய்க்கிறது, மறுபடி கட்டறது, இப்படியே ஒரே பில் சைக்கிளுக்குள்ள நாலு சுத்து. மாசத்துல அஞ்சு முகூர்த்தம் வந்தா 80,000 லிமிட் கார்டுல 3 லட்சத்துக்கு மேல ஓடியிருக்கும், ஆனா பில் ஜெனரேட் ஆகற அன்னிக்கு பாத்தா பாக்கி பன்னெண்டாயிரமோ பதினஞ்சாயிரமோதான் நிக்கும். பாக்கறவங்களுக்கு ஆஹா எவ்வளவு ஒழுங்கா கட்டறாருன்னு தோணும்.

இந்த தொழில்ல அது ஏன் வருதுன்னு புரிஞ்சிக்கணும், அப்பதான் சித்தப்பா மேல யாரும் கோவப்பட மாட்டீங்க. நிச்சயத்தப்ப பார்ட்டி கொடுக்கற அட்வான்ஸ் ஆள் கூலிக்கும் பாத்திர வாடகைக்கும் போயிடும். மளிகை, காய், இலை, பால், காப்பித்தூள் எல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடியே எறங்கியாகணும், மீதி பணம் வர்றது பந்தி முடிஞ்சு மண்டபத்துல கணக்கு பாக்கறப்ப. அதுவும் நம்ம பக்கம் பாதி பார்ட்டி விவசாயி, தை மாசி கல்யாணம்னா சம்பா நெல்லை டிபிசில, அதாவது அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துல போட்டுட்டு பணம் அக்கவுண்ட்ல ஏறட்டும்னு காத்திருப்பாங்க, ஈரப்பதம் 17 சதவீதத்தை தாண்டிடுச்சுன்னா மூட்டை தார்ப்பாய்க்கு அடியிலயே கெடக்கும், அவங்க பணம் லேட்டானா நம்ம பணமும் லேட். இந்த இடைவெளியை அடைக்க முன்னாடி நகையை அடகு வச்சிட்டிருந்தாங்க, கார்டு வந்ததும் கார்டு.

சித்தப்பா கேக்கறது ஒரே கேள்விதான். "கட்டிட்டுத்தானேம்மா தேய்க்கிறோம், ஒரு ரூபா நிக்கல, இதுல பேங்குக்கு எங்க வலிக்குது?" நியாயமான கேள்விதான், நெறைய பேர் இதேதான் கேக்கறாங்க, அதனால இதுக்கு கொஞ்சம் நீட்டியே பதில் சொல்றேன்.

80,000ங்கறது பேங்க் சும்மா போட்ட நம்பர் இல்ல. கார்டு வாங்கறப்ப நீங்க காட்டின வருமானத்தை வச்சு, ஒரு மாசத்துக்கு உங்களால இவ்வளவுதான் தாங்கும்னு கணக்கு போட்டு குடுத்தது. சித்தப்பா அப்ப காட்டினது வருஷத்துக்கு மூன்றரை லட்சம். அந்த ஆள் ஒரே மாசத்துல 3 லட்சத்துக்கு மேல தேய்ச்சு 3 லட்சத்துக்கு மேல கட்டறாருன்னா, பேங்க் சிஸ்டத்துக்கு இவர் நேர்மையான சமையல்காரரா வேற யாரோட பணமாவது இவர் கார்டு வழியா சுத்துதான்னு தெரியாது. மோசடி பண்றவங்க வழியும் வெளிய இருந்து பாக்க இதே மாதிரிதான் இருக்கும், கொஞ்ச மாசம் வேகமா தேய்ச்சு வேகமா கட்டி நம்பிக்கை வாங்குவாங்க, ஒரு நாள் பேமென்ட் போட்டு லிமிட் திரும்பி வந்ததும் மொத்தமா தேய்ச்சிடுவாங்க, பின்னாடியே அந்த பேமென்ட் ரிவர்ஸ் ஆயிடும், 80,000 லிமிட்ல பேங்குக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல நஷ்டம். அதனாலதான் சில நேரம் பணம் கட்டினாலும் லிமிட்டை உடனே விடாம புடிச்சு வைக்கிறாங்க.

இன்னொண்ணு, இது தனிநபர் கார்டு. பெரும்பாலும் எல்லா பேங்க் விதிமுறையிலயும் தொழில் செலவுக்கு யூஸ் பண்ணக்கூடாதுன்னு இருக்கும், சின்ன எழுத்துல. ஒரே மளிகை ஹோல்சேல் கடையில ரவுண்டா 70,000, 75,000னு திரும்ப திரும்ப விழுந்தா அது வீட்டு மளிகை இல்லன்னு யாருக்கும் தெரியும்.

இதையெல்லாம் விட மோசமா ஒண்ணு நடந்துச்சு. ஒரு பொண்ணு வீட்டுக்காரர் மீதி பணம் தர்றேன்னப்ப, என் அக்கவுண்ட்டுக்கு போட்டு அங்கேர்ந்து கார்டுக்கு போடறதுக்கு பதிலா நேரா கார்டு பில்லாவே கட்டிடுங்களேன்னு சித்தப்பா சொல்லிட்டார், அவரும் தன் அக்கவுண்ட்ல இருந்து 60,000 கட்டிட்டார். அடுத்த பார்ட்டியும் அதே மாதிரி. பேங்க் பக்கம் இருந்து பாருங்க, சம்பந்தமே இல்லாத ரெண்டு பேர் ஒருத்தர் கார்டுக்கு பெரிய தொகை கட்டறாங்க, அன்னிக்கே அது தேய்க்கப்படுது. கருப்பு பணத்தை வெள்ளையாக்கறதுக்கு எதிரான கண்காணிப்புல முதல்ல மாட்டறது இந்த மாதிரி மூணாம் ஆள் பேமென்ட்தான். கார்டு பில்லை எப்பவும் கார்டு யார் பேர்ல இருக்கோ அவங்க அக்கவுண்ட்ல இருந்து மட்டும் கட்டுங்க, ஒரு தடவைதானேன்னு கூட வேற யாரையும் கட்ட விடாதீங்க.

வைகாசி முகூர்த்தம் ஒண்ணுக்கு முந்தின நாள் மளிகை எடுக்க போயிருந்தோம். பொன்னி பச்சரிசி, துவரம்பருப்பு, உளுந்து, எண்ணெய் டின், முந்திரி திராட்சை, வெல்லம் எல்லாம் டாட்டா ஏஸ்ல ஏத்தியாச்சு, டிரைவர் கயிறு கட்டிட்டிருக்கார். பில் 72,400. அன்னிக்கு காலையிலதான் கார்டுல முழு பாக்கியும் கட்டி, ஆப்ல அவைலபிள் லிமிட் 79 ஆயிரத்து சொச்சம் காட்டுது. மெஷின்ல கார்டை சொருகினா டிக்லைன்ட். மறுபடி சொருகினா மறுபடி டிக்லைன்ட். கடைக்காரர் மெஷின் மேல சந்தேகப்பட்டு வேற மெஷின் எடுத்துட்டு வந்தார், அதுலயும் அதேதான். அப்புறம்தான் எஸ்எம்எஸ் வந்துச்சு, பாதுகாப்பு காரணமா உங்க கார்டு தற்காலிகமா நிறுத்தப்பட்டிருக்குன்னு. சித்தப்பா முகத்தை பாக்க முடியல. மறுநாள் விடியக்காலம் நாலு மணிக்கு அடுப்பு பத்த வைக்கணும், எழுநூறு இலை சாப்பாடு. கடைக்காரர் பழகினவர், "கொண்டு போங்கண்ணே, கல்யாணம் முடிச்சிட்டு குடுங்க"ன்னு சொன்னதால அன்னிக்கு மானம் தப்பிச்சுது. புது ஊர்ல புது கடையா இருந்தா சரக்கை கீழ எறக்கிட்டுத்தான் வந்திருக்கணும்.

யாரும் இதை ரிஸ்க்குன்னு நினைக்கறதே இல்ல. வட்டி, பைன் இதையெல்லாம் பத்தி பேசறாங்க, ஆனா ரொட்டேஷன்ல தொழில் ஓட்டறவங்களுக்கு பெரிய ஆபத்து, சரக்கு எடுக்கற நிமிஷத்துல கார்டு செத்துப்போறதுதான். கையில இருந்த பணத்தை முழுசா காலையில கார்டுலயே கட்டிட்டோம் பாருங்க, பணமும் போச்சு, லிமிட்டும் போச்சு. பேங்குக்கு நாம தர வேண்டிய பாக்கி ஒண்ணும் இல்ல, ஆனா பொருள் வாங்க ஒரு ரூபா கிடையாது.

கஸ்டமர் கேர்ல வருமான வரி தாக்கல் காப்பி, ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட், மூணாம் ஆள் பேமென்ட்டுக்கு விளக்கம் எல்லாம் கேட்டாங்க. பேசினவங்க மரியாதையா பேசினாங்க, அதை ஒத்துக்கணும், ஆனா என்ன காரணம்னு கடைசி வரைக்கும் நேரா சொல்லல. நான் பார்ட்டி அட்வான்ஸ் ரசீது, மளிகை பில் எல்லாம் வரிசையா அடுக்கி மெயில் போட்டப்புறம்தான் திறந்து விட்டாங்க, அதுவும் லிமிட்டை 40,000ஆ குறைச்சிட்டாங்க. சேர்ந்திருந்த பாயிண்ட்டை எடுக்க முடியாம நிறுத்தி வச்சிருக்காங்க.

பாயிண்ட்டுன்னு சொன்னதும் இந்த கணக்கை பாருங்க. 3 லட்சம் தேய்ச்சா 4,000 பாயிண்ட், அதோட மதிப்பு 1,000 ரூபாய். ஹோல்சேல் கடையில கார்டுன்னா 2 பர்சன்ட் எக்ஸ்ட்ரா கேப்பாங்க, பெரும்பாலான இடத்துல இதான் பழக்கம், 3 லட்சத்துக்கு அது 6,000. ஆயிரம் ரூபாய் பாயிண்ட்டுக்கு ஆறாயிரம் குடுத்திருக்கோம், மாசாமாசம். நான் நோட்டுல தனி பக்கம் போட்டு காட்டினப்பதான் சித்தப்பாவுக்கு உறைச்சுது.

அதோட கார்டோட முக்கியமான லாபமே வட்டியில்லா நாள். பில் டேட்டுக்கு அடுத்த நாள் வாங்கினா 45 நாள், 50 நாள் வரைக்கும் வட்டி கிடையாது. நாலு நாள்ல கட்டிட்டு திரும்ப தேய்ச்சா அந்த 45 நாள் எங்க போச்சு? டெபிட் கார்டு மாதிரி யூஸ் பண்ணிட்டு கிரெடிட் கார்டுக்கான ரிஸ்க் எல்லாத்தையும் தலையில தூக்கிக்கறோம்.

ஒரு பார்ட்டி லேட் பண்ணா என்ன ஆகும்னு அடுத்து பாக்கலாம், எங்களுக்கு மாசி மாசத்துல ஒரு தடவை இது நடந்துச்சு. 80,000 அப்படியே ஒரு மாசம் நின்னா மாசம் 3.5 பர்சன்ட் வட்டி 2,800, அதுக்கு 18 பர்சன்ட் ஜிஎஸ்டி 504, மொத்தம் 3,304. வருஷத்துக்கு பாத்தா 42 சதவீத வட்டி. 30 சதவீதத்துக்கு மேல வாங்கக்கூடாதுன்னு 2008ல தேசிய நுகர்வோர் ஆணையம் சொல்லியிருந்துச்சு, அந்த தீர்ப்பை 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு, அதனால இப்ப அந்த பாதுகாப்பும் இல்ல. இதுல நெறைய பேருக்கு தெரியாத ஒண்ணு, பழைய பாக்கியை முழுசா கட்டாம விட்டா, புதுசா தேய்க்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் வாங்கின நாள்ல இருந்தே வட்டி ஓடும், வட்டியில்லா நாள்ங்கறதே கிடையாது. மினிமம் டியூ கட்டிட்டோமே, அப்படின்னு நினைச்சிட்டு ரொட்டேஷனை தொடர்ந்தா ஒவ்வொரு சுத்துக்கும் மீட்டர் ஓடிட்டே இருக்கும்.

சிபில், அதாவது நம்ம கடன் கணக்கை பதிவு பண்ணி ஸ்கோர் போடற ரிப்போர்ட், அந்த விஷயமும் மாறிப்போச்சு. முன்னாடி மாசத்துக்கு ஒரு தடவைதான் பேங்க் தகவல் அனுப்பும், பில் டேட்டுக்கு முன்னாடி கட்டிட்டா பாக்கி கம்மியா தெரியும்னு நெறைய பேர் அதை நம்பி ஓட்டினாங்க. 2025 ஜனவரியில இருந்து 15 நாளைக்கு ஒரு தடவை தகவல் போகணும்னு ரிசர்வ் பேங்க் கொண்டு வந்துட்டாங்க. ரொட்டேஷன்ல பாதி நாள் கார்டு 90 பர்சன்ட்டுக்கு மேல நெரம்பித்தான் கெடக்கும், அன்னிக்கு தகவல் போச்சுன்னா லிமிட்டை கடைசி வரைக்கும் உறிஞ்சற ஆள்னுதான் ரிப்போர்ட்ல நிக்கும். நாளைக்கு வீட்டு லோனுக்கோ வேன் லோனுக்கோ போறப்ப இது குறுக்க நிக்கும்.

வருமான வரியில இன்னும் பெருசு. ஒரு நிதியாண்டுல கார்டு பில்லா 10 லட்சமோ அதுக்கு மேலயோ கட்டியிருந்தா, ரொக்கமா கட்டினதுன்னா 1 லட்சமே போதும், பேங்க் அதை வருமான வரித்துறைக்கு சொல்லியாகணும். அது உங்க ஏஐஎஸ்ல, அதாவது வருமான வரித்துறை உங்க பேர்ல வச்சிருக்கற வருஷ தகவல் அறிக்கையில வந்து உக்காந்துக்கும், போர்ட்டல்ல லாகின் பண்ணி நீங்களே பாக்கலாம். 80,000 லிமிட் கார்டுல 10 லட்சம் எப்படி வரும்னு கேப்பீங்க, மாசம் 3 லட்சம் ஓட்டினா நாலே மாசத்துல தாண்டிடும். சித்தப்பாவுக்கு டர்ன்ஓவரை ஒழுங்கா காட்டி தாக்கல் பண்ணியிருந்ததால கையில கணக்கு இருந்துச்சு. மூணு லட்சம் வருமானம்னு மட்டும் காட்டிட்டு பதினஞ்சு லட்சம் கார்டு பில் கட்டினவங்களுக்கு நோட்டீஸ் வந்தா என்ன பதில் சொல்றது? நான் கணக்கு பாக்கற இன்னொரு பேன்சி கடைக்காரர் இப்ப இதே நிலைமையிலதான் இருக்கார், ரெண்டு வருஷத்து பில்லை தேடி எடுத்துட்டிருக்கோம்.

இன்னொரு வகை ரொட்டேஷன் பத்தியும் சொல்லியாகணும். உங்க கார்டு பில்லை நாங்க கட்டறோம், கட்டினதும் எங்க மெஷின்ல தேய்ச்சுக்கறோம், கமிஷன் 2.5 பர்சன்ட் குடுங்க, அப்படின்னு சிலர் பண்றாங்க. மன்னார்குடி, பட்டுக்கோட்டை பக்கத்துல இருந்தெல்லாம் எனக்கு தெரிஞ்சவங்க இதை பத்தி போன் பண்ணி கேக்கறாங்க. தயவுசெஞ்சு போகாதீங்க. 80,000க்கு மாசம் 2,000 கமிஷன், வருஷம் 24,000 குடுத்தும் கடன் அதே 80,000ஆ அப்படியே நிக்கும். அவங்க மெஷின்ல போடறது செல்போன் வித்ததாவோ வேற ஏதாவது வித்ததாவோ ஒரு பொய் பில். நாளைக்கு அந்த மெஷின்காரர் மாட்டினா அதுல தேய்ச்ச எல்லா கார்டும் லிஸ்ட்ல வரும். உங்க கார்டும் பின் நம்பரும் அவங்க கையில போகுது, அது தனி பயம்.

அப்ப சமையல்காரர், மளிகைக்கடைக்காரர், உரக்கடைக்காரர் எல்லாம் என்ன பண்றது? சுத்தி சுத்தி விடறதுக்குன்னே ஒரு ஐட்டம் பேங்க்ல இருக்கு, ஓடி (ஓவர்டிராஃப்ட்) அக்கவுண்ட், ஒரு லிமிட் வரைக்கும் தேவைப்பட்டப்ப எடுத்து திரும்ப கட்டிக்கற கடன் கணக்கு. நாங்க அதைத்தான் எடுத்தோம். சிறு தொழிலுக்கான உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன் ஆன்லைன்ல இலவசமாவே போட்டோம், அதை வச்சு முத்ரா லோன்ல கிஷோர் வகையில கேட்டோம், அது 50,000க்கு மேல 5 லட்சம் வரைக்கும் குடுப்பாங்க, அடமானம் கிடையாது. எங்களுக்கு 3 லட்சம் ஓடி கிடைச்சுது, வட்டி 11.5 சதவீதம். எடுத்த பணத்துக்கு எடுத்த நாளுக்கு மட்டும்தான் வட்டி. 75,000 எடுத்து நாலு நாள்ல கட்டினா வட்டி நூறு ரூபாய்க்கு உள்ளதான் வருது. அதே 75,000த்தை கார்டுல தேய்ச்சப்ப கடைக்கு 2 பர்சன்ட்னு 1,500 போச்சு. மாசத்துல பத்து தடவை எடுத்து பத்து தடவை கட்டினாலும் யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க, பேங்குக்கு அதான் வேணும், அக்கவுண்ட் ஓடிட்டே இருக்கணும். 1904லயே சொந்தமா பேங்க் ஆரம்பிச்ச ஊரு நம்ம கும்பகோணம், இங்க வியாபாரத்துக்கு கடன் கேட்டு போனா பேங்க்ல புரிஞ்சிக்கறதுக்கு ஆள் இருக்காங்க. கொஞ்சம் அலையணும், பேப்பர் கேப்பாங்க, மேனேஜர் ரெண்டு தடவை நாளைக்கு வாங்கன்னு சொல்லுவார், அவ்வளவுதான்.

ஓடி கிடைக்கற வரைக்கும் கார்டைத்தான் நம்பணும்னா, முதல்ல இப்போதைய வருமான வரி காப்பியை குடுத்து லிமிட்டை ஏத்த சொல்லி கேளுங்க, லிமிட்டே 2 லட்சமானா சுத்த வேண்டிய அவசியம் குறையும். எப்பவாவது ஒரு மாசம் பெரிய செலவு வந்து, ஒரு தடவை முன்கூட்டியே கட்டி திரும்ப தேய்ச்சா அதுக்காக யாரும் கார்டை புடுங்க மாட்டாங்க, மாசாமாசம் அதே வேலையா இருந்தாதான் வம்பு. சரக்கு எடுக்கற அன்னிக்கு காலையில கையில இருக்கற காசை எல்லாம் கார்டுல கொட்டாதீங்க.

ஒரு உரிமையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. லிமிட்டுக்கு மேல போக விட்டு ஓவர்லிமிட் சார்ஜ் போடணும்னா அதுக்கு உங்ககிட்ட முன்னாடியே தெளிவா சம்மதம் வாங்கியிருக்கணும், 2022 ரிசர்வ் பேங்க் விதி அப்படி. பாக்கி இல்லாம கார்டை மூட சொன்னா 7 வேலை நாள்ல மூடணும், இல்லன்னா நாளுக்கு 500 ரூபாய் அவங்க உங்களுக்கு தரணும். பேங்க்ல எழுதி குடுத்து 30 நாள்ல பதில் வரலன்னா ரிசர்வ் பேங்க் ஓம்புட்ஸ்மேன்கிட்ட (பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கற அதிகாரி) புகார் போடலாம், 14448க்கு போன் பண்ணி விவரம் கேட்டுக்கலாம்.

ரேட்டிங்னா, வீட்டு செலவுக்கு இந்த கார்டு 5க்கு 4. தொழில் ரொட்டேஷனுக்கு 5க்கு 1, அந்த ஒண்ணும் கஸ்டமர் கேர்ல தமிழ்ல பொறுமையா பேசினதுக்காக. இப்ப சித்தப்பா அந்த 40,000 லிமிட் கார்டுல டீசலும் கேஸும் மட்டும்தான் போடறார், மாசம் எட்டாயிரம் தாண்டறதில்ல, டியூ டேட்டுக்கு அவர் அக்கவுண்ட்ல இருந்தே முழு பில்லும் தானா போற மாதிரி செட் பண்ணிட்டேன். நிறுத்தி வச்ச பாயிண்ட்டை கேட்டு மெயில் போட்டிருக்கேன், பதில் வந்ததும் என்ன சொன்னாங்கன்னு இதுலயே சேத்துடறேன்.